மூச்சை விட்ட படம்

இல்லண்ணே, நான் டாக்டர் இல்ல. படம் எடுக்கிறவன். அட, சினிமாவும் இல்ல. பெரிய வளையம் மாதிரி ஒரு மிஷின் இருக்கும் பாருங்க, ஆளைப் படுக்க வச்சு உள்ள தள்ளுவாங்களே, சி.டி. ஸ்கேன், அது. அந்த ரூமுக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடி ரூமு இருக்கும். அதுக்குள்ள ஒருத்தன் உக்காந்துக்கிட்டு மைக்ல மூச்சை இழு, நிறுத்து, விடுன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். அந்த ஒருத்தன் நான்தான். பதினெட்டு வருஷமா இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். வீட்டுல தூக்கத்துல கூடச் சொல்றேனாம். எங்க வீட்டம்மா ஒரு நாள் நிஜமாவே மூச்சை நிறுத்திட்டாங்க.

காது மேல ரொம்ப ஒட்ட வெட்ட வேணாம்ணே. ஆமா, அவ்வளவுதான்.

குழந்தைங்களுக்கு மட்டும்தான் எடுக்கிறேன். பெரியவங்களுக்கு எடுக்கிறதெல்லாம் ஒரு வேலையா? மூச்சை நிறுத்துங்கன்னா நிறுத்துவாங்க. நான் விடச் சொல்ல மறந்துட்டேன்னா அப்படியே நீலம் பாரிச்சுக் கெடப்பாங்க, அவ்வளவு மரியாதை. குழந்தைங்க அப்படியா? இழுன்னா ஏன்னு கேக்கும். நிறுத்துன்னா சிரிக்கும். ஆடாதேன்னு சொன்ன அடுத்த நிமிஷம் மூக்கு அரிக்கும். ஒரு வாண்டு என்கிட்ட, அங்கிள், மொதல்ல நீங்க உள்ள போயிட்டு வாங்கன்னுச்சு. போய்ப் படுத்துக் காட்டினேன். நல்லா இருக்கு அங்கிள், உங்களுக்கு எடுத்தாச்சுல்ல, நான் வீட்டுக்குப் போறேன்னு எந்திரிச்சுடுச்சு.

என்ன வியாதியா? பெரும்பாலும் நெஞ்சுதாண்ணே. இருமல். ரெண்டு நாள் மூணு நாள் இருமல் இல்ல, ரெண்டு வருஷம் மூணு வருஷம். மாடி ஏறினா மூச்சு வாங்கும், ஓடினா உக்காந்துடும், எடை ஏறாது. எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா ஒண்ணும் இருக்காது. எக்ஸ்ரேங்கிறது தெருவுல நின்னு ஒரு வீட்டைப் பாக்கிற மாதிரி. சுவரு இடிஞ்சிருந்தாத் தெரியும். உள்ள அலமாரி ஈரம் புடிச்சிருந்தா தெருவுல நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ஸ்கேன்னா உள்ள போய் ஒவ்வொரு ரூமா லைட்டைப் போட்டுப் பாக்கிற மாதிரி.

அதுலயும் ஒரு கூத்து இருக்கு. சொல்றேன், உங்களுக்கு அவசரம் இல்லையே? வேற ஆளும் காத்திருக்கல. சரி.

ஆறு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு. ஏழு வயசு. அப்பா பஸ் டிரைவர், அம்மா துணிக் கம்பெனியில பட்டன் தைக்கிறவங்க. பொண்ணுக்கு ஸ்கூல்ல பேரே கடைசி. ஆமாண்ணே, கடைசின்னுதான் கூப்பிடுவாங்களாம். எந்தப் பந்தயத்துல விட்டாலும் கடைசி. வரிசையில நடந்து போனாலும் கடைசி. அதுவும் அதைப் பேருன்னே நெனச்சுக்கிச்சு போல. உன் பேரு என்ன பாப்பான்னு நான் கேட்டதுக்குக் கடைசின்னுதான் சொல்லுச்சு. நான் பாட்டுக்கு எழுதிட்டேன். அப்புறம் அவங்கம்மா வந்து அதை அடிச்சுட்டு நிஜப் பேரை எழுதச் சொன்னாங்க.

அந்த அம்மா கையில ஒரு பெரிய பை. அதுல ஏழு எக்ஸ்ரே. ஏழும் நல்லாருக்கு. அஞ்சு வருஷமா ஆஸ்துமான்னு வைத்தியம். இன்ஹேலர் வச்சு உறிஞ்சிக்கிட்டு இருக்கு, கொஞ்சம் கேக்குது, முழுசாக் கேக்கல. அலர்ஜியா இருக்கும்னு யாரோ சொல்லியிருக்காங்க. உடனே தலகாணியை மாத்தினாங்களாம். அப்புறம் திரைச்சீலையைக் கழட்டினாங்க. அப்புறம் வீட்டுல வளத்த பூனையைக் கொண்டு போய் அந்தம்மாவோட அக்கா வீட்டுல விட்டுட்டாங்க. அப்புறமும் இருமல் நிக்கல. கடைசியில பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலுக்குப் பெயின்ட் அடிச்சதுதான் காரணம்னு அவரோட சண்டை போட்டு, ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. பெயின்ட் அடிச்சது போன வருஷம். இருமல் அஞ்சு வருஷமா இருக்கு. அதெல்லாம் அப்ப யாருக்கு யோசிக்கத் தோணும்? ஏதாவது ஒண்ணைக் குத்தம் சொன்னாத்தானே ஆறும்.

எங்ககிட்ட ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நான் படம் எடுக்கிறவன், அவங்க படம் படிக்கிறவங்க. நாள் முழுக்க இருட்டு ரூமுல திரையைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அதிகம் பேச மாட்டாங்க. அவங்க குட் மார்னிங் சொன்னா நாங்க எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம், ஏதோ தப்பு நடந்துடுச்சோன்னு. அன்னிக்கு அவங்க வெளிய வந்து அந்தம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. இந்த இருமல் எந்த நாள்ல ஆரம்பிச்சுதுன்னு.

அந்தம்மா யோசிக்கவே இல்ல. ஒன்றரை வயசுல நிமோனியா வந்துச்சு, பதினோரு நாள் ஆக்சிஜன் வச்சிருந்தாங்க, அன்னிக்கு வந்த இருமல்தான்னாங்க. இதை இத்தனை வருஷத்துல யாருகிட்டயும் சொல்லலையான்னு டாக்டரம்மா கேட்டாங்க. யாரும் கேக்கலையேன்னாங்க அந்தம்மா.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்து ஒண்ணு எடு, மூச்சை விட்டு ஒண்ணு எடுன்னாங்க.

எதுக்கு ரெண்டுன்னு கேக்குறீங்களா? நானும் அன்னிக்கு அதையேதான் கேட்டேன். பலூன்ணே. ஒரு டஜன் பலூனை ஊதி வச்சுட்டா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். எதுல வாய் அடைஞ்சிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? காத்தை விடணும். நல்ல பலூன் சுருங்கிடும். வாய் அடைச்ச பலூன் அப்படியே உப்பிக்கிட்டு நிக்கும். நுரையீரலும் அதே கதைதான். மூச்சை இழுத்தா எல்லா இடமும் கருப்பா அழகாத் தெரியும். விட்டா, நல்ல இடமெல்லாம் காத்து போய் வெளுத்துடும். கெட்டுப் போன இடம் மட்டும் கருப்பாவே நிக்கும். உள்ள போன காத்துக்கு வெளிய வர வழி கெடையாது. அன்னிக்கு வந்த நிமோனியா போகும்போது, பொடிப்பொடிக் குழாய்ல எல்லாம் தழும்பை வச்சுட்டுப் போயிருக்கு.

ஆனா ஏழு வயசுப் பொண்ணை மூச்சை முழுக்க விட்டுட்டு அப்படியே ஆடாம இருன்னு சொன்னா இருக்குமா? விடும், உடனே படக்குனு இழுத்துக்கும். எட்டுத் தடவை பழக்கினேன். காகிதத்தை ஊதச் சொன்னேன், மெழுகுவர்த்தின்னு நெனச்சுக்கோன்னேன், சூடான பாலை ஆத்துன்னேன். ம்ஹூம். அப்பதான் தோணுச்சு. பாப்பா, உங்கப்பா பஸ்ஸை நிறுத்தினா என்ன சத்தம் வரும்னு கேட்டேன். உஸ்ஸ்ஸ்ஸ்னுச்சு. அடேங்கப்பா, எவ்வளவு நீளம்ங்கிறீங்க! பஸ் நின்னு, ஆளெல்லாம் எறங்கி, மறுபடி ஏறுற வரைக்கும் விட்டுச்சு. இப்ப பஸ் நின்னாச்சு, ஆடக் கூடாதுன்னேன். ஆடல. பட்டனைத் தட்டிட்டேன்.

படம் வந்துச்சு. திட்டுத்திட்டாக் கருப்பு. ரெண்டு பக்கமும். டாக்டரம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் வெளிய வந்து, இது ஆஸ்துமா இல்லம்மான்னாங்க. எல்லாத்தையும் சொன்னாங்க. போனது திரும்பாது, ஆனா மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம், வேற மருந்து இருக்கு, வளர்ற வயசு, இப்ப புடிச்சதே நல்லதுன்னு. அந்தம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்ப பூனையைத் திருப்பிக் கொண்டு வந்துடலாமான்னு கேட்டாங்க.

இல்லண்ணே, சிரிக்கல அவங்க. கேட்டுட்டு உக்காந்து அழுதாங்க.

அந்தப் பொண்ணு இப்ப நல்லாருக்கு. நல்லாருக்குன்னா, ஓட்டப் பந்தயத்துல எல்லாம் ஜெயிக்கல. ஆனா எடை ஏறிடுச்சு, முன்ன மாதிரி வருஷத்துல நாலு தடவை ஆஸ்பத்திரியில படுக்கிறது இல்ல. பதிமூணு வயசு ஆகுது. வருஷா வருஷம் பாக்க வரும். போன தடவை நான்தான் வாடி கடைசின்னு கூப்பிட்டுட்டேன். ஒரு முறை முறைச்சுச்சு பாருங்க.

அன்னையிலேருந்து எங்க டாக்டரம்மா ஒரு சட்டம் போட்டுட்டாங்க. நாள்பட்ட இருமல்னு எந்தக் குழந்தை வந்தாலும் ரெண்டு படம். இழுத்து ஒண்ணு, விட்டு ஒண்ணு. ரெண்டாவது படத்துக்கு நெஞ்சு முழுக்க எடுக்க வேணாம், அஞ்சாறு இடத்துல குறுக்கா எடுத்தாப் போதும், கதிர்வீச்சும் ரொம்பக் கம்மி. சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. என் கையெழுத்துதான்.

என்னண்ணே? உங்க பொண்ணுக்கும் எடுத்தீங்களா? அப்படியா.

எங்க, எங்க ஆஸ்பத்திரியிலயா. ம். இருக்கும்ணே. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு பேர் வருவாங்க.

நார்மல்னு வந்துடுச்சா. ம்.

இல்ல இல்ல, சந்தோஷம்தான். வேற என்ன. அப்ப இப்ப எப்படி இருக்கா? இருமல் இருக்கு. அது இருக்கும். இன்ஹேலர்? நிறுத்திட்டீங்களா? யாருண்ணே நிறுத்தச் சொன்னது? நீங்களேவா. சரிதான், ரிப்போர்ட் நார்மல்னா எதுக்கு மருந்துன்னுதான் யாருக்கும் தோணும். ஸ்கூல்ல ஓட்டத்துக்கும் பேர் குடுத்திருக்கீங்களா. எப்ப? வர்ற வெள்ளிக்கிழமை. சோம்பேறித்தனம்தான், ஓடினா சரியாயிடும்னு டீச்சர் சொன்னாங்களா. ம். டீச்சருக்கு என்ன தெரியும், அவங்க கையிலயும் அந்த ரிப்போர்ட்தானே இருக்கு.

ஒரு நிமிஷம்ணே. கழுத்துல முடி விழுந்துடுச்சு. ஆங், போயிடுச்சு.

இன்னொரு கதை சொல்லிடறேன். இது சின்னதுதான். நீங்க பாட்டுக்கு வெட்டுங்க.

போன வியாழக்கிழமை. காலையிலேருந்து மிஷின் தகராறு. சூடாயிடுது, நின்னுடுது, ஆற வச்சு மறுபடி போட்டா மறுபடி சூடாயிடுது. அதுக்குள்ள பதினாலு குழந்தைங்க வரிசையில. எல்லாம் அழுவுது. டாக்டரம்மா வேற லீவுல. அவங்க தங்கச்சிக்கு ஆபரேஷன். அவங்களுக்குப் பதிலா வேற ஒரு டாக்டர், வேற ஊர்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல படிக்கிறாரு. அவரை நாங்க பாத்ததே இல்ல. எங்க சுவத்துல ஒட்டியிருக்கிறதை அவரும் பாத்ததில்ல.

பன்னெண்டாவதா ஒரு பொண்ணு வந்துச்சு. ஆறு வயசு. நல்ல பொண்ணு, அழவே இல்ல. மூச்சை இழுத்து நிறுத்தின படம் ஒரே தடவையில வந்துடுச்சு. விடுற படத்துக்குத்தான் தகராறு. விட்டா இருமல் வந்துடுது. மூணு தடவை பாத்தேன், மூணு தடவையும் இருமல். பஸ் சத்தம் போடச் சொன்னேன், அதுக்கும் இருமல்தான். அதுவே என்னைப் பாத்து, சாரி அங்கிள்னுச்சு.

அதுக்கு ஒரு வழி இருக்குண்ணே. சின்னக் குழந்தைங்களுக்கு நாங்க செய்யறதுதான். ஒருக்களிச்சுப் படுக்க வச்சா, கீழ இருக்கிற பக்கம் உடம்பு கனத்துல தானா அமுங்கும். மூச்சை விட்ட மாதிரியே படம் வரும். அப்புறம் திருப்பிப் போட்டு அந்தப் பக்கம். குழந்தை மூச்சே புடிக்க வேணாம். ஒரு நர்ஸ், ரெண்டு தலகாணி, பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

மணி ஒண்ணு அம்பது. ரெண்டு மணிக்கு கேன்டீன் மூடிடுவாங்க.

நீங்க ஏதாவது பெருசா எதிர்பாத்திருந்தா மன்னிச்சுக்கோங்க. அவ்வளவுதான் காரணம். நானும் இந்த நாலு நாளா வேற நல்ல காரணமாத் தேடிப் பாத்துட்டேன். மிஷின் சூடு, கூட்டம், தலைவலி. எல்லாம் இருந்துச்சுதான். ஆனா உண்மையைச் சொல்லணும்னா பசி. சூப்பர் பாப்பான்னு சொல்லி கையில ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிட்டேன். வெளிய அவங்கப்பா நின்னுக்கிட்டு இருந்தாரு, போற அவசரத்துல அவரு முகத்தைக் கூட நான் சரியாப் பாக்கல. எல்லாம் எடுத்தாச்சாங்கன்னு கேட்டாரு. நான், ஆச்சுன்னேன்.

கேன்டீன்ல சாப்பாடு தீந்து போச்சு. பிஸ்கட்தான் இருந்துச்சு.

அந்த டாக்டருக்கு ஒரு படம்தான் போச்சு. அதுல கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணும் இல்ல. அவரு நார்மல்னு எழுதிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. சுருங்காத பலூனைக் கண்டுபிடின்னு ஊதின பலூனை மட்டும் குடுத்தா அவரும் என்னதான் செய்வாரு.

இன்னிக்குக் காலையில டாக்டரம்மா லீவு முடிஞ்சு வந்தாங்க. வராதப்ப வந்த படத்தையெல்லாம் ஒண்ணு விடாமப் பாக்கிறது அவங்க வழக்கம். பதினோரு மணிக்குக் கூப்பிட்டாங்க. குட் மார்னிங்னாங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு. இந்தப் பொண்ணுக்கு ரெண்டாவது படம் எங்கேன்னாங்க. எடுக்கலம்மான்னேன். ஏன்னாங்க. சாப்பிடப் போயிட்டேன்னு சொன்னேன். அவங்க கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க, மறுபடி போட்டுக்கிட்டாங்க. ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்த சீட்டுல ஒரு வரி இருந்துச்சு, அதைக் காட்டினாங்க. ஒரு வயசுல நிமோனியா, ஒன்பது நாள் ஆஸ்பத்திரின்னு. அப்புறம் நான் எடுத்த படத்தைப் பெருசாக்கிக் காட்டினாங்க. வலது பக்கம் கீழ, ரொம்ப லேசா, ஒரு இடம் மட்டும் கொஞ்சம் கூடுதல் கருப்பு. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரெண்டாவது படம் இல்லாம எதையும் சொல்ல முடியாதுன்னாங்க. போய்க் கூட்டிட்டு வான்னாங்க. அவ்வளவுதான். திட்டவே இல்ல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

சீட்டுல இருந்த போன் நம்பர்ல ஒரு எண் குறையுது. எழுதினது எங்க ஆளுங்கதான். தெருப் பேரு இருந்துச்சு. அப்பா தொழில்னு போட்டு, சலூன்னு இருந்துச்சு.

இந்தத் தெருவுல மூணு சலூன் இருக்குண்ணே. மொதல் கடையில போய் உங்களுக்கு ஆறு வயசுல பொண்ணு இருக்கான்னு நேரடியாக் கேட்டேன். அவரு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, எந்திரிச்சு வெளிய போய்யான்னாரு. சரி, அப்படிக் கேக்கக் கூடாதுன்னு ரெண்டாவது கடையில ஷேவிங்குக்கு உக்காந்து பேச்சுக் குடுத்துப் பாத்தேன். காலையில எனக்கு மீசை இருந்துச்சு. கடைசியில பாத்தா அவருக்குக் கல்யாணமே ஆகல.

உங்க கடையில கேக்கவே வேண்டியதில்லாமப் போச்சு. உக்காந்த உடனே கண்ணாடி ஓரத்துல அந்தப் போட்டோவைப் பாத்துட்டேன். முன்பல் ரெண்டும் இல்லாம சிரிக்குது பாருங்க. அதுதான். வியாழக்கிழமை, பன்னெண்டாவது ஆளு. நீங்கதான் ஆச்சாங்கன்னு கேட்டீங்க. எனக்கு அன்னிக்கு மூக்குல மாஸ்க்கு, தலையில தொப்பி, உங்களுக்கு அடையாளம் தெரியாது. உக்காந்த உடனேயே சொல்லியிருக்கணும். நீங்க அதுக்குள்ள துணியைப் போத்திட்டீங்க, எப்படி வெட்டணும்னு வேற கேட்டுட்டீங்க.

கத்திரியைக் கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறீங்க.

ஆச்சுன்னு சொன்னேன் இல்லையா. ஆகல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்? நாலா. இப்ப மூணேகால். டாக்டரம்மா எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்னிருக்காங்க. மிஷினைக் காலியா வச்சிருக்கோம், இன்னிக்கு ஒழுங்கா ஓடுது. வலிக்காது, ஊசி கெடையாது, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை ஒருக்களிச்சுப் படுத்தாப் போதும். ஒண்ணும் இல்லன்னு வந்தா நானே ரோட்டுல நின்னு ஸ்கூல் ஓட்டத்துக்குக் கை தட்டறேன். இருக்குன்னு வந்தா, இப்பவே தெரிஞ்சுக்கிறதுதான் நல்லது. அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை ஓட வேணாம்ணே. இன்ஹேலரை டாக்டர் சொல்லாம நிறுத்தவும் வேணாம்.

ஐயோ, விடுங்கண்ணே. இடது பக்கம் அப்படியே இருக்கட்டும். பாதித் தலையோடவே வரேன், எனக்கென்ன இனிமே பொண்ணா பாக்கப் போறாங்க. கடையைச் சாத்துங்க, ஸ்கூல் வாசல்ல போய் நிப்போம்.

என்னண்ணே? சரியாக் கேக்கல.

ம்.

பாதியில விட்டுப் பழக்கமில்லையா உங்களுக்கு. ம்.

சரிண்ணே. குனிஞ்சுக்கிறேன்.